தாலி தொடாத கை

ஐயா, என் மகனே, அன்றைக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் ஆளைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சிம்பாங் அம்பாட்டில் பெண் வீடு. வாசலைப் பார்த்த நாற்காலியில் பெண்ணின் அப்பா முனியாண்டி, லோரி ஓட்டுகிறவர். சமையலறை வாசலில் பெண்ணின் அம்மா சரோஜா, கடைசிவரை நின்றபடியே. நீள நாற்காலியில் முனியாண்டியின் அக்கா அன்னக்கிளி. என் சேலையைப் பார்த்து, "இந்தக் கலரு இப்பல்லாம் யாரும் கட்டுறதில்லயே" என்று சொன்னவள், அதை நான் மறக்கவில்லை. அவள் பக்கத்தில் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த கோயில் கோவிந்தன். நம் பக்கத்தில் உன் அப்பா, நீ, நான், என் தம்பி தனபாலன், அவன் பெண்டாட்டி லதா. ஒன்பது பேர். பத்தாவதாகத் தேத்தண்ணித் தட்டை ஏந்திக்கொண்டு பெண் வந்தாள். அவள் பேரையும், பிறகு பிறந்த பாப்பாவின் பேரையும் இதில் எழுத மாட்டேன். ஊருக்குத் தெரியும், ஆனாலும் என் கையால் எழுத மாட்டேன். அந்தப் பத்துப் பேரில் உன் அப்பா ஒருவர்தான் இப்போது இல்லை. மற்றவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், எல்லாருக்கும் காது கேட்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், போன சனிக்கிழமை உன் மாமா தனபாலன் மலாக்கா தங்கா பத்துவில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தான். நான் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "பசியாறியாச்சா அக்கா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தான். என் தம்பி எனக்குப் பசியாற வாங்கி வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் பொட்டலத்தைப் பார்த்ததுமே வேறு என்னவோ வந்திருக்கிறது என்று பட்டது. வந்திருந்தது. மலாயில் அடித்த ஒரு காகிதம். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தமிழ் படித்தவள். மலாய் பேசுவேன், படிக்க வராது.

"ஒரு சைன்தான்கா."

"என்னா எழுதியிருக்கு?"

"அன்னிக்குப் பொண்ணு பாக்கப் போனோம்ல, அதான்."

"பொண்ணு பாக்கப் போனதுக்கு இப்ப எதுக்குடா சைனு? புள்ளைக்கே ஆறு வயசு ஆச்சு."

"கோர்ட்டுக்குக் குடுக்கணும்லா. மருமவனுக்கு நல்லதுக்கா. நீ எங்கயும் வர வேணாம்."

"படி."

"படிச்சா ஒனக்குப் புரியாதுக்கா."

"ஒனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தவ நான். படிடா."

படித்தான். பெண் பார்க்கப் போன அன்றே, மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் ஏற்கெனவே ஒரு பதிவுத் திருமணம் இருக்கிறது என்று பெண்ணிடமும் பெண் வீட்டாரிடமும் நேரில் சொன்னோம், அவர்கள் தெரிந்தேதான் சம்மதித்தார்கள் என்று அதில் இருந்தது. அடியில் மூன்று கோடு. ஒன்றில் அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. உன் கோடு காலியாக இருந்தது. "அவன் ஏன் போடல?" என்றேன். "நீ போட்டா போடறேங்கறான்" என்றான். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ஐயா. நீ இன்னும் போடவில்லை. நீ போடுவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும். உனக்கு மட்டும் அனுப்பினால் உன் மாமா வாங்கி மடித்து வைத்துவிடுவான். அதனால் நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். நாம் செய்த தப்பை நம் ஜனங்களில் இன்னும் பல வீடுகள் செய்துகொண்டிருப்பதும் ஒரு காரணம்.

என்ன தப்பு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீ சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தபோது பிரேமா என்ற பெண்ணை விரும்பினாய். அங்கே அரசாங்க வீட்டுக்கு மனுப் போடப் பதிவுக் கல்யாணம் வேண்டும் என்று இரண்டு பேரும் போய்ப் பதிந்துகொண்டீர்கள். தாலிக்கு நாள் பார்ப்பதற்குள் இரண்டு வீட்டுக்கும் முட்டிக்கொண்டது. அதில் என் பங்கும் உண்டு. அவர்கள் வீட்டில் மற்றவர்களை எல்லாம் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் சும்மா வரவில்லை, பேசிவிட்டுத்தான் வந்தேன். அவர்களும் பேசினார்கள். கடைசியில் நிச்சயத் தட்டைத் திருப்பினோம், முடிந்தது என்று கையைக் கழுவினோம். நம் வீடுகளில் பதிந்த பிறகும் பெண்ணை அவள் அம்மா வீட்டில்தானே விடுகிறோம்? "ரெஜிஸ்டர் ஆச்சு, கல்யாணம் இனிமேதான்" என்றுதானே சொல்கிறோம்? பதிவது மண்டபத்துக்குச் சொல்லி வைப்பது மாதிரி, தாலி ஏறினால்தான் கல்யாணம் என்றுதான் நானும் நினைத்தேன். தட்டு திரும்பினால் சம்பந்தம் முறியும். காகிதம் தட்டோடு திரும்பி வராது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் ஒருவன் நம்மோடு இருந்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிம்பாங் அம்பாட்டுக்குப் பெண் பார்க்கப் போன அன்று தனபாலன்தான் காடி ஓட்டினான். வழியில் அலோர் காஜா டிராபிக் லைட்டில் காடி நின்றது. உன் அப்பா முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். நீ பின்னால் என் பக்கத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் தலையை முன்னால் நீட்டிக் கேட்டேன். "டேய், அந்தச் சிங்கப்பூரு காகிதம் பின்னால ஏதும் பண்ணுமா?" அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அது சும்மாக்கா. புதுப்பிக்கலன்னா தானா செத்துடும்." காடிக்கு வருஷா வருஷம் கட்டுகிற ரோட் டேக்ஸ் மாதிரி சொன்னான். அவன் அரசாங்க ஆபீசில் இருபது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்த கிராணி. காகிதம் சாகுமா சாகாதா என்று அவனுக்குத் தெரியாமல் எனக்கா தெரியும் என்று நான் பின்னால் சாய்ந்துகொண்டேன். சாய்ந்துகொள்வது எனக்கும் வசதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அங்கே போய் உட்கார்ந்து, பெண் தட்டோடு வந்து நின்ற பிறகுதான் சரோஜா கேட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. பொம்பளப் புள்ளயப் பெத்தவ, கேட்டுத்தான ஆகணும். தம்பிக்குச் சிங்கப்பூருல முன்ன பின்ன எதாச்சும்..." கோவிந்தன், "என்னாம்மா நீ, மாப்பிள்ளைய வச்சுக்கிட்டே" என்று சிரித்தான். உன் அப்பா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். நீ கைப்பேசியைப் பார்த்தாய். தனபாலன் வடையை இரண்டாகப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை. ஒருத்தரும் வாயைத் திறக்காததால் நான் திறந்தேன். "எம் மகன் கை இன்னும் தாலிய தொட்டதே கெடையாது சரோஜா. தொட்டா ஒம் மக கழுத்துலதான்." எல்லாரும் சிரித்தார்கள். அன்னக்கிளி கையைத் தட்டினாள். பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தட்டு ஆடி ஒரு கோப்பையில் தேத்தண்ணி தளும்பிச் சிந்தியது. நான் அதைப் பார்த்தேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் சொன்னது மொத்தமும் பொய்.

பிறகு இங்கே பதியப் போனபோது பாரத்தில் பூஜாங் என்ற கட்டத்தில் கோடு போட்டாய். கல்யாணம் ஆகாதவன் என்று அர்த்தம். சிங்கப்பூர்க் காகிதம் இந்த ஊர் ஆபீசுக்குத் தெரியவில்லை, நீயும் சொல்லவில்லை. கோயிலில் தாலி கட்டினாய். பாப்பா பிறந்தாள். ஆறு வருஷம் யாருக்கும் ஒன்றுமில்லை. இந்த வருஷம் பிரேமாவுக்கு வேறு கல்யாணம் கூடி வந்திருக்கிறது. அவள் பதியப் போன இடத்தில், "நீ ஏற்கெனவே ஒருத்தர் மனைவி, முதலில் அதை முடித்துவிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த விவாகரத்துக் கடிதம் பதிவுத் தபாலில் நம் வீட்டுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் என் மருமகள். அவள் அழவில்லை. அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த உன் சட்டையை முடித்து மாட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தே, ஒங்களுக்குத் தெரியுமா?"

"அது தாலி ஏறாத கல்யாணம்மா" என்றேன்.

"அப்ப எனக்கு ஏறுனது என்னா அத்தே?"

எழுபத்திரண்டு வயதுக்காரி நான், அவள் மாட்டிய சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.  அன்றைக்கே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டுக்குப் போய்விட்டாள். போலீசில் புகார் கொடுத்தாள். கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புக் கேட்டுக் கோர்ட்டுக்கும் போனாள். இது வரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாததை இனிமேல் சொல்கிறேன்.

தனபாலனிடம், "காகிதத்தை வச்சுட்டுப் போ, கண்ணாடியத் தேடி எடுத்துச் சைன் போடறேன்" என்று சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போனேன். மருமகளுக்கு போன் பண்ணி, அவளுடைய லோயர் ஆபீசுக்கு நேரே வரச் சொல்லியிருந்தேன். வந்தாள். வணக்கம் சொல்லவில்லை, ஆனால் படியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். லோயர் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பாட்டி, இதுல நீங்க சைன் பண்ணா, பாப்பா முறையில்லாத புள்ளைன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி."

"இதுல பாப்பா பேரே இல்லையேம்மா."

"பேரு இல்ல. ஆனா அவளுக்குத்தான் அடி." பிறகு பொறுமையாகச் சொன்னாள். "சில கல்யாணம் நடந்தது நடந்ததுதான், ஏதோ ஒரு கொறைக்காகக் கோர்ட்டு பின்னாடி ரத்து பண்ணும். அதுல புள்ளைக்கு ஒன்னும் ஆகாது, முறையான புள்ளையாவே இருக்கும். ஒங்க மகனோடது அப்படி இல்ல. அவருக்கு ஏற்கனவே சட்டப்படி மனைவி இருந்ததால இது ஆரம்பத்துலயே செல்லாத கல்யாணம். அந்த மாதிரி கல்யாணத்துல பொறந்த புள்ளைக்கும் சட்டம் ஒரு வழி வச்சிருக்கு. கல்யாணம் நடந்த நேரத்துல ரெண்டு பேர்ல ஒருத்தராவது இது செல்லும்னு நியாயமா நம்பியிருக்கணும். நம்பியிருந்தா புள்ளை முறையான புள்ளை."

"எம் மருமக நம்பினாளே. நான் பாத்தனே."

"அதத்தான் இந்தக் காகிதம் இல்லைங்குது. அவங்களுக்கு முன்னயே தெரியும், தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டாங்கன்னு சொல்லுது. ஒங்க மகன் நம்புனாருன்னு வாதாடலாம். ஆனா அங்க சைன் போட்ட கையாலயே இங்க பூஜாங்னு போட்டிருக்காரு. அது நிக்கிறது கஷ்டம். அம்மாவோட நம்பிக்கைதான் பாப்பாவுக்கு இருக்கு, பாட்டி."

அது போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்பன் வழியில் சட்டப்படி வாரிசு என்று நிற்க முடியாது என்றாள். நாளைக்கு நீயே பிள்ளை மேல் உரிமை கேட்டாலும் கிடைப்பது கஷ்டம் என்றாள். உனக்கு இதில் என்ன லாபம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். முதல் கல்யாணத்தை மறைத்து இன்னொருத்தியைக் கட்டினால் தண்டனை பெரிது. சொல்லிவிட்டுத்தான் கட்டினேன் என்றால் அந்த மறைத்த குற்றம் விழுந்துவிடும். பிள்ளையைத் தள்ளினால் அப்பன் தப்பிக்கலாம். அப்படி ஒரு தராசு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எழுந்து வரும்போது மேசைமேல் சிங்கப்பூர்ப் பதிவின் நகல் கிடந்தது. பிரேமாவின் லோயர் அனுப்பியது. அதில் இருந்த ஆங்கிலம் எனக்குத் தெரியாது. ஆனால் அடியில், சாட்சி போடுகிற இடத்தில், ஒரு கையெழுத்து. முதல் எழுத்து கொக்கி மாதிரி வளைந்து, கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து பேர் முழுவதற்கும் அடியில் கோடு இழுத்திருந்தது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும், ஐயா. எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீட்டில் காலண்டர் தாளின் முதுகில் மண்ணெண்ணெய் விளக்கடியில் அவன் அதைப் போட்டுப் போட்டுப் பழகினான். அவன் படிக்கட்டும் என்று நான் மூன்றாம் வகுப்போடு நின்று ரப்பர்ப் பால் மரம் சீவப் போனேன். அவன் கையெழுத்துப் பழகிய தாள்களை நான் அடுப்பு எரிக்காமல் எடுத்து வைத்தேன். நீ சிங்கப்பூரில் பதிந்த அன்று பக்கத்தில் நின்று சாட்சி போட்டவன் உன் மாமா. அலோர் காஜாவில் காடியை நிறுத்திக்கொண்டு அது தானாகச் செத்துவிடும் என்று சொன்னவனும் அவன்தான். நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் அவன் அங்கே இருந்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவன் வந்தது உனக்காக என்று நினைக்கிறாயா? எல்லாம் தெரிந்தும் வாயை மூடி உட்கார்ந்திருந்த கிராணி யார் என்று நாளைக்குக் கோர்ட்டு கேட்கும். அதற்கு முன்னால், நாங்கள் சொல்லிவிட்டோம் என்று எழுதி வைத்துவிடப் பார்க்கிறான்.

உனக்கு என்னோடு படித்த செல்லத்தைப் பற்றிச் சொன்னதில்லை. எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் காலையில் வாத்தியார் இன்னார் மகள் இன்னார் என்று கூப்பிடுவார். எல்லாருக்கும் இரண்டு பேர் வரும். செல்லத்துக்கு ஒரு பேர்தான் வரும். அந்த இடத்தில் வாத்தியார் கொஞ்சம் நிறுத்துவார், நாங்கள் அதற்காகவே காத்திருப்போம். ஒரு நாள் அவள் என் கல்பலகையை உடைத்துவிட்டாள். "அப்பன் பேரு இல்லாதவளுக்குக் கொழுப்பப் பாரு" என்று நான் சொன்னேன். எனக்கு எட்டு வயது. அவள் மறுநாள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. பலகை உடைந்த கோபம் எனக்கு வெகுகாலம் இருந்தது. நான் சொன்ன சொல் எனக்கு உறைத்தது இந்தச் செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் திரும்பி வரும்போது.

இந்த நாட்டில் நம் பேருக்குப் பின்னால் மகன், மகள் என்று போட்டு அப்பன் பேரை எழுதாமல் ஒரு பாரமும் நகராது. நம் பாப்பா அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் வரைக்கும் என் மடியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் தன் முழுப் பேரையும் எழுதிப் பழகினாள். தன் பேர், மகள் என்பதற்கு ஏ, ஒரு கோடு, பி, பிறகு உன் பேர். ஒரு வரியில் அடங்காமல் உன் பேரில் பாதி அடுத்த வரிக்குப் போய்விடும். "பாட்டி, எம் பேருதான் ரொம்ப நீளம், பாலர் பள்ளி க்ளாஸ்ல யாருக்கும் இவ்ளோ இல்ல" என்று பெருமை. அந்த இரண்டாவது வரியைத்தான் உன் மாமா கொண்டுவந்த காகிதம் அழிக்கக் கேட்கிறது.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். போடாமல் சும்மா இருக்கவும் மாட்டேன். அந்த லோயர் பெண்ணிடம் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். ஒன்பது பேரின் பேர், யார் எங்கே உட்கார்ந்தார்கள், சரோஜா என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், பெண் எப்படிச் சிரித்தாள், எல்லாம் சொன்னேன். "பாட்டி, ஒங்களையே காட்டிக் குடுக்கறீங்க, தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றேன். சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னாலும் ஏறுவேன். என் வாயால் வந்த பொய்யைத்தான் அவள் நம்பினாள். நான் பொய் சொன்னேன் என்று நிரூபித்தால்தான் என் பேத்தி முறையானவள் ஆவாள் என்றால், என் மானம் போவது பெரிதில்லை.

உன்னைக் கேட்பது ஒன்றுதான். உனக்குப் பயம் என்று தெரியும். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து கிளினிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட பிள்ளை நீ. அன்றைக்கு நான் உன் காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். கோர்ட்டில் போய், மறைத்தேன், அவளுக்குத் தெரியாது என்று சொல்லு. தண்டனை வந்தால் வரட்டும். உன்னை எங்கே வைத்தாலும் பஸ் ஏறி வந்து பார்ப்பேன். பாப்பாவின் பேரில் பாதி போய்விட்டால் அதை எந்த பஸ் ஏறிப் போய்க் கொண்டுவருவேன்?

இதைப் படிக்கிற மற்ற அம்மாக்களுக்கும் சொல்கிறேன். பதிந்தால் அன்றைக்கே கல்யாணம் முடிந்தது. தாலி ஏறினாலும் ஏறாவிட்டாலும், தட்டு திரும்பினாலும், கோர்ட்டு முடித்து வைக்காமல் அது முடியாது. யாராவது கிராணி, அது தானாகச் செத்துவிடும் என்று சொன்னால் அவன் சட்டையைப் பிடித்து, எழுதிக் கொடுடா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மன்னிப்புக் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அன்னக்கிளி என் சேலையைச் சொன்னதை இதை எழுதும்போது பாதி மன்னித்திருக்கிறேன். பிரேமா வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியையும் விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் ஏழெட்டு வருஷம் கட்டி வைத்தது நாம்தான். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்ததை அவர் படத்துக்குப் பூ வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். உன்னைப் பற்றி நீ கோர்ட்டுக்குப் போய் வந்த பிறகு சொல்கிறேன். என்னை மன்னிக்கலாமா வேண்டாமா என்று பாப்பா பெரியவளாகிச் சொல்லட்டும், எது சொன்னாலும் சரி. ஒருவனுக்கு மட்டும் கிடையாது. நான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு சேலை வரும். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தினால்தான் எடுப்பார்கள். முறை என்பார்கள், பெரியவர்கள் நாலு பேர் உன்னைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். நீ வாசலிலேயே மறித்து நில். அந்தச் சேலை என் மேல் படக் கூடாது. அதைக் கொண்டுவருகிறவன் பேர் தனபாலன்.